ப்ரீபோன் தப்பான இங்கிலீஷா?

சில வருடங்களுக்கு முன் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ராசிபுரத்துப் பையன் ஒருவன், மீட்டிங்கை 'ப்ரீபோன்' பண்ணலாமா என்று கேட்டு மெயில் போட்டான். "அப்படி ஒரு வார்த்தையே இங்கிலீஷில் இல்லை" என்று எல்லோருக்கும் போகிற மாதிரி பதில் போட்டேன். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அவன் மீட்டிங்கில் வாயே திறக்கவில்லை. நானும் நாமக்கல் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்து பி.இ. போனவன்தான். யாரோ என்னைத் திருத்தியதை அப்படியே அவனிடம் இறக்கி வைத்திருக்கிறேன். பிறகுதான் அகராதியைப் புரட்டினேன்.

இந்த வினைச்சொல்லைப் பற்றி இணையத்தில் சுற்றும் கருத்துகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, இது தப்பு. இரண்டு, இது இந்தியர்கள் கண்டுபிடித்தது. முதல் கருத்து நிற்காது, இரண்டாவது பாதிதான் சரி.

'போஸ்ட்போன்' லத்தீனிலிருந்து வந்தது. 'போஸ்ட்' என்றால் பின்னால், 'போனரே' என்றால் வைப்பது. 'ப்ரீ' என்றால் முன்னால். அந்த 'முன்னால் வை' என்ற லத்தீன் வினையிலிருந்துதான் பள்ளியில் படித்த 'ப்ரிபொசிஷன்' வந்திருக்கிறது. ஆக, ப்ரீபோன் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதற்கு 1549-லேயே சான்று காட்டுகிறது. ராபர்ட் க்ரவுலி என்ற ஆங்கிலேயர் 'முன்னால் வைப்பது' என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இன்றைய பொருளில் 1913-ல் வருகிறது. ஜான் ட்ரெனர் என்பவர் நியூயார்க் டைம்ஸுக்கு எழுதிய கடிதத்தில், போஸ்ட்போனுக்கு எதிர்ச்சொல்லாக, முக்கியமாக வக்கீல்களுக்குப் பயன்படும் என்று சொல்லி, இந்தச் சொல்லைத் தானே உருவாக்குவதாக முன்வைத்தார். அங்கே அது ஓடவில்லை. அவர் கடிதத்தைப் படித்துவிட்டு நம் ஆட்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. போஸ்ட்போன் தெரிந்த யாருக்கும் தானாகத் தோன்றக்கூடிய சொல் இது. அதைப் புழக்கத்தில் வைத்துக் காப்பாற்றியது இந்தியாதான்.

சரி, இது தேவையா? 'பிரிங் ஃபார்வர்ட்' இருக்கிறதே என்பார்கள். 'ஃபார்வர்ட்' கொஞ்சம் வில்லங்கமான சொல். புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் 'மூவ் ஃபார்வர்ட்' செய்துவிட்டார்கள், இப்போது என்றைக்கு என்று ஆங்கிலம் பேசுகிறவர்களிடமே உளவியல் ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். லெரா பொரொடிட்ஸ்கியின் ஆய்வுகள் இதில் பிரபலம். சிலர் திங்கள் என்றார்கள், சிலர் வெள்ளி என்றார்கள். ப்ரீபோனில் இந்தக் குழப்பமே கிடையாது. ஸ்பெக்கில் இரண்டு அர்த்தம் வருகிற வரி இருந்தால் பக் என்போம். இங்கே பக் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தமிழிலும் 'தள்ளிவை', 'ஒத்திவை' எல்லாம் கையில் தயாராக இருக்கின்றன. எதிர்ப்பக்கத்துக்குப் பேப்பர்காரர்கள் 'முன்கூட்டியே நடத்த முடிவு' என்று நீட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் காரியம் நமக்குப் புதிதல்ல. ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் எங்கள் ஊரில் "ஆடிக்கு முந்தியே வெச்சுக்கலாமுங்க" என்று ஆனிக்கு இழுத்துவிடுவார்கள். அந்த 'முந்தி வைப்பது'தான் ப்ரீபோன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அமெரிக்க கிளையன்ட்டுக்கு எழுதும்போது இது புரியாமல் போகலாம். அங்கே புது நாளையும் நேரத்தையும் நேராக எழுதிவிடுவது நல்லது. அது கேட்கிறவருக்காகச் செய்யும் வசதி. நம் இங்கிலீஷ் மட்டம் என்று ஆகிவிடாது.

அந்தப் பையனுக்கு நான் அன்று எழுதியிருக்க வேண்டிய பதில்: "பண்ணலாம், எத்தனை மணிக்கு?"