பத்து சென்ட்டுக்கு அப்பால்

நிலச் சீர்திருத்தம் என்றதும் நம்மவர்கள் கேரளத்தைக் கைகாட்டுவார்கள். காட்டத் தகுந்ததுதான். 1963-இல் வந்து 1969-இல் திருத்தப்பட்ட சட்டம், 1970 ஜனவரி 1 முதல் ஜென்மி எனப்படும் நிலக்கிழார் முறைக்கு முடிவு கட்டியது. குத்தகைதாரர் கையில் இருந்த நிலம் அவருக்கே சொந்தமானது.

அந்தக் குத்தகைதாரர் பல இடங்களில் சேற்றில் இறங்கியவர் இல்லை. நாற்று நட்டதும் கதிர் அறுத்ததும் புலையர், பறையர் முதலான கூலிக்காரர்கள். குத்தகை உரிமை அவர்களுக்கு அரிதாகவே இருந்தது. எனவே நிலம் உழுதவர்கள் வரை இறங்காமல், அவர்களுக்கு ஒரு படி மேலே இருந்தவர்களிடமே நின்றுவிட்டது. கூலிக்காரர்களுக்குக் கிடைத்தது குடிகிடப்பு உரிமை: ஊராட்சிப் பகுதியில், குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் வரை.

அந்தப் பத்து சென்ட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஜென்மியின் மண்ணில் குடியிருக்கும்வரை கூலியை உயர்த்திக் கேட்கவே வாய் வராது. கேட்டால் குடிசையைப் பிரித்துவிடுவார்கள். அந்தப் பயம் போனபிறகுதான் தொழிற்சங்கத்தின் பேச்சுக்குப் பலம் வந்தது. வறுமை குறைந்ததில் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வளைகுடாப் பணத்துக்கும் பங்குண்டு. ஆனாலும் கூலிக்காரர் நிமிர்ந்து பேரம் பேச முடிந்ததையே இச்சட்டத்தின் பெரிய சாதனையாகச் சொல்வேன்.

வேளாண்மையின் கதை வேறு. 1970களில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேலிருந்த நெற்பரப்பு இன்று சுமார் இரண்டு லட்சம். பழியை முழுக்கச் சட்டத்தின்மேல் போட முடியாது. ரப்பர் விலையும் கூலி உயர்வும் மனைத்தரகும் சேர்ந்து செய்த வேலை அது. சட்டம் செய்த கேடு ஒன்று உண்டு: புதிதாகக் குத்தகைக்கு விடுவதையே அது தடுத்தது. உத்தியோகத்துக்குப் போன உடைமையாளர் வயலைத் தரிசாகப் போட்டார். பிறரிடம் கொடுக்கப் பயந்தார். கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டத்தில் உள்ள பெண்கள் குழுவாகச் சேர்ந்து இப்படிப்பட்ட வயல்களை எடுத்து நடுகிறார்கள், பெரும்பாலும் வாய்ப்பேச்சை நம்பி. நிலக்காரர் மனம் மாறினால் அவர்கள் எந்த அலுவலகத்தில் போய் முறையிடுவது?

நில உச்சவரம்பிலும் பெரிய ஓட்டை. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு விலக்கு. மூணாறில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் கம்பெனியின் வரிசை வீடுகளான லயத்தில்தான் குடியிருக்கின்றன. வேலை போனால் வீடும் போகும். 2020 ஆகஸ்டில் மூணாறுப் பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து மூடியது இத்தகைய லயங்களைத்தான்.

2007-இல் பத்தனம்திட்டா மாவட்டம் செங்கறையில் நிலமற்ற குடும்பங்கள், பெரும்பாலும் தலித்துகள், ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து குடில் போட்டார்கள். வீட்டுமனை போதாது, பயிர் செய்ய நிலம் வேண்டும் என்றார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.