பம்புசெட்டை அடியில் சுமக்கும் படகு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டதால், கடற்கரையிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளோடு வயற்காட்டுக்கு வந்து மக்களை ஏற்றினார்கள். அவர்கள் செய்த உதவிக்கு ஈடே கிடையாது. ஆனாலும் கடலுக்கென்று செய்த எஞ்சினின் விசிறி, தெருத் தண்ணீரில் வேலிக் கம்பிக்கும் மதில் சுவருக்கும் மேலே சுழல்கிறது. பக்கத்தில் கழுத்தளவு நீரில் ஆள் நிற்கிறார். விசிறியே இல்லாத படகு வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது.

அந்த ஆசைக்கு நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பழைய ஜெட் ஸ்கியின் எஞ்சினையும் பம்பையும் கழற்றி, சின்ன அலுமினியப் படகின் அடித்தகட்டை அறுத்து, வீட்டுக் கொட்டகையிலேயே பொருத்திவிடுகிறார்கள். நம் பக்கத்து வெல்டிங் பட்டறைகளின் கைத்திறனுக்கு இது எட்டாத வேலை இல்லை. செய்யலாமா, செய்தால் தாமிரபரணி ஆற்றுக்கு ஆகுமா என்பதுதான் கேள்வி.

ஜெட் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கிணற்றடியில் நிற்கும் பம்புசெட்டுதான் இது. படகின் அடியில் ஒரு வாய், வாயை மறைத்துக் கம்பிச் சட்டம், உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் இம்பெல்லர், பின்னால் குறுகிய குழாய். குழாயிலிருந்து நீர் பீய்ச்சியடிக்கும் வேகத்தில் படகு முன்னே போகிறது. குழாயைத் திருப்பினால் படகும் திரும்புகிறது. பம்புசெட்டுக்கு வரும் நோய்களும் அப்படியே வரும். உறிஞ்சும் குழாயில் காற்றுப் புகுந்தால் மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. புட்வால்வில் சருகு அடைத்தாலும் அதே கதை.

இதை முதன்முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பில் ஹாமில்டன் ஓர் ஆட்டுப்பண்ணைக்காரர். நியூசிலாந்தின் தென் தீவில், கூழாங்கற்களின் மேல் கிளை கிளையாக ஓடும் ஆழமற்ற ஆறுகளில் ஏற வேண்டும் என்பதற்காக 1950களில் தன் பண்ணைப் பட்டறையிலேயே செய்து பார்த்தார். 1977-இல் எட்மண்ட் ஹிலாரி ஜெட் படகுகளில் கங்கையின் முகத்துவாரத்திலிருந்து மேலேறி, நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி மறிக்கும்வரை போனார். இமயத்துச் சுழிப்புகளில் அந்தப் படகுகள் ஏறியது, ஆழமில்லாத வேகநீரில் ஜெட்டுக்கு உள்ள வலிமைக்குச் சான்று. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பே இல்லை. வேகமெடுத்துவிட்டால் முழங்காலளவு நீர் போதும்.

பாறையும் மணல்திட்டுமாகக் கிடக்கும் தாமிரபரணிக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நம் ஆற்றின் தண்ணீரில் என்னென்ன மிதக்கிறது என்று பார்க்க வேண்டும். பாபநாசத்தில் பரிகாரம் செய்ய வருகிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். வாரி எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது. கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வாழை. வெள்ளத்தில் சாய்ந்த வாழையின் மட்டையும் நாரும் சருகும், இடையிடையே ஆகாயத்தாமரையும். வேட்டித் துண்டோ வாழைநாரோ அந்த வாயில் சிக்கினால் படகு அடுத்த கணம் விசையை இழந்துவிடும். விசிறியில் சுற்றிய துணியை எஞ்சினைத் தூக்கி அறுத்துவிடலாம். ஜெட்டின் வாயோ படகுக்கு அடியில் இருக்கிறது. ஓடும் வெள்ளத்தில் ஒருவர் இறங்கி அதற்குள் கையை விட வேண்டியிருக்கும். ஆற்று மணல் இம்பெல்லரையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் தேய்ப்பது தனிக் கணக்கு. இடைவெளி கூடக் கூட இழுவை குறையும்.

சுமையும் இடைஞ்சல்தான். கொஞ்சம் தண்ணீரை மிக வேகமாகத் தள்ளுவது ஜெட்டின் வழி. நிறையத் தண்ணீரை நிதானமாகத் தள்ளுவது பெரிய விசிறியின் வழி. மெதுவாகப் போகும்போது இரண்டாவதுதான் சிக்கனம். அவுட்போர்டு எஞ்சினின் விசிறியைக் கழற்றிவிட்டு ஜெட் மாட்டினாலே ஏறத்தாழ 30 சதவீத சக்தி போய்விடும் என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. பாட்டியும் பேரனும் ஆட்டுக்குட்டியுமாகப் பத்து உயிர் ஏறிய படகு வேகம் எடுக்காமல் அமிழ்ந்தபடியே நகரும். எரிபொருள் மட்டும் கரையும்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது திருப்பம். எதிரே கரண்ட் கம்பம் வந்தால் எவருக்கும் கை தானாகவே விசையைக் குறைக்கும். ஜெட்டில் விசையைக் குறைத்தால் திருப்பும் சக்தியும் போய்விடும். படகு நேராகக் கம்பத்துக்கே போகும். பழகாதவர் கையில் இது பெரிய ஆபத்து.

வெல்டிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுமினியத் தகட்டில் சூடு பட்ட ஓரம் வலுவிழக்கும், தகடு நெளியும். அடித்தகட்டில் பெரிய ஓட்டை போட்டபின் எஞ்சினின் அதிர்வு முழுவதையும் தாங்குவது அந்த ஓரம்தான். ஸ்டீல் போல்ட்டை இடையில் ரப்பர் வைக்காமல் முடுக்கினால் அந்த இடம் அரித்துப்போகும். உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் 2021 எஞ்சின் வைத்த படகுக்குப் பதிவும் சோதனையும் கேட்பதைத் தொந்தரவாக நினைப்பவர்கள், இந்த ஓரத்தை ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும்.

இவ்வளவு சொன்னபிறகும் இந்த முயற்சியை நான் வேண்டாம் என்று தள்ளவில்லை. நீரில் தவிப்பவரின் காலை வெட்டாத படகு என்ற ஒரே காரணத்துக்காகவே இதில் உழைக்கத் தகும். இப்படி ஒரு படகுக்காகப் பம்பைப் பிரித்து மாட்டும் மாணவர்கள் நீர் இயக்கவியலைப் புத்தகத்தில் படிப்பதைவிட ஆழமாகக் கற்பார்கள். ஆனால் அடுத்த வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்துக்கு எதை அனுப்புவது என்று கேட்டால், விசிறியைச் சுற்றிக் கம்பிக்கூண்டு கட்டிய, நீண்ட தண்டைத் தூக்கிவிடக்கூடிய மீனவர் எஞ்சினைத்தான் சொல்வேன். அதைப் பழுதுபார்க்கும் கைகள் கடற்கரை ஊர்களில் இருக்கின்றன. ஜெட் படகைச் செய்து முடித்தவர் என்னிடம் காட்ட வந்தால், எவ்வளவு வேகம் போகும் என்று கேட்க மாட்டேன். பம்பின் வாய்க்கு மேலே, படகுக்குள்ளிருந்தே திறக்கும் மூடி வைத்திருக்கிறாரா, நனைந்த வேட்டி ஒன்றை உள்ளே விட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை உருவிக் காட்ட முடியுமா என்று கேட்பேன். கூடவே இரண்டு துடுப்பும் இருக்கிறதா என்று பார்ப்பேன்.