மருத்துவ வெளியீடும் மலையக வாசகரும்

ஒரு நூலை மதிப்பிட முற்படும் திறனாய்வு, அந்நூல் யாருக்காக எழுதப்பட்டது, யாரால் வாங்கப்படுகின்றது என்னும் இரு வினாக்களைத் தவிர்த்தல் இயலாது. கதைக்கும் கவிதைக்கும் இவ்விரு வினாக்களும் பெரும்பாலும் ஒரே விடையைத் தருவன. மருத்துவ எழுத்தின் நிலை வேறு. ஆய்வாளர் எழுதுகின்றார், நூலகம் வாங்குகின்றது, மருந்துக் கம்பனி விளம்பரம் தருகின்றது, மருத்துவர் வாசிக்கின்றார். எவருடைய நோயைப் பற்றி எழுதப்பட்டதோ அவருக்கு இவ்வொழுங்கில் இடமில்லை.

பதுளைக்கு அண்மித்த ஹாலிஎலவைச் சூழவுள்ள தோட்டங்களில் இவ்வுண்மையை எளிதிற் காணலாம். கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி பட்டினத்து மருந்துக்கடையில் வாங்கும் மருந்துப் பெட்டியினுள் மடித்து வைக்கப்பட்டுள்ள தாளும் ஒரு மருத்துவ வெளியீடே. கருவுற்றோர் உண்ணலாகாது, வெறும் வயிற்றில் உண்ணலாகாது என்னும் எச்சரிக்கைகள் அதிலேயே உள்ளன. ஆயின் அது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றது. தமிழும் நிருவாக மொழியாக வழங்கவேண்டிய பிரிவுகளுள் ஹாலிஎலவும் ஒன்று. அலுவலகப் பலகையில் இடம்பெற்ற தமிழ், மருந்துத் தாளில் இடம்பெறவில்லை.

தமிழில் மருத்துவ நூல் எழுத இயலாமையே இதற்குக் காரணம் என்பார் கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியத்தைக் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘வைத்தியாகரம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிட்ட காலத்தில் இவ்வளவு பெரும்பணி நிகழ்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவருடைய மொழிநடை வடசொற் கலப்பு மிகுந்தது. இன்றைய வாசகருக்கு அது கடினமானதே. ஆயினும், வேற்றுமொழிச் சொல்லைத் தமிழின் ஒலியியல்புக்கு இணக்கிக் ‘கெமிஸ்தம்’ என ஆக்கிய துணிவு, தனித்தமிழ்ச் சொல்லாக்கம் வேரூன்றுவதற்கு முற்பட்டதொரு வழியைக் காட்டுகின்றது.

கிறீனின் முயற்சிக்கு ஓர் எல்லையும் உண்டு. ‘வைத்தியாகரம்’ வெளிவந்த அதே 1872இல், பெருந்தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிப்பதற்கான சட்டம் இலங்கையிற் பிறந்தது. வடக்கே தமிழில் வைத்திய நூல். மலையிலே தமிழ் பேசும் நோயாளர். இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. 1870இல் கொழும்பில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் மொழி ஆங்கிலம். நாட்டின் மருத்துவ உத்தியோகத்துக்குரிய வழியும் அதுவாயிற்று. தமிழில் கற்றோருக்கு உத்தியோகச் சந்தை சுருங்கவே, தமிழ் மருத்துவ நூலுக்கும் சந்தை சுருங்கியது. நூல்கள் மறைந்தமைக்கு மொழியின் வறுமையைவிடச் சந்தையின் அமைப்பே பெருங்காரணம் எனலாம்.

சந்தைக்கும் மருத்துவ எழுத்துக்குமுள்ள உறவை இந்நாட்டில் நன்குணர்ந்தவர், பிபிலை என்னும் ஊவா ஊரின் பெயரைத் தாங்கிய பேராசிரியர் சேனக பிபிலை ஆவார். மருந்து பற்றிய செய்தியை மருத்துவர் மருந்துக் கம்பனியின் பிரதிநிதியிடமிருந்தே பெறும் நிலை நீடிக்கும்வரை, சிக்கனமான மருந்துக் கொள்கை வெற்றி பெறாது என அவர் கண்டார். ஆதலின், மருந்துகளை நடுநிலையுடன் மதிப்பிடும் குறிப்பேடுகளை மருத்துவருக்கென வெளிக்கொணரும் பணியில் ஈடுபட்டார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. ஏறத்தாழ 2100 ஆக இருந்த மருந்துகளின் பட்டியல் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டது. இச்சீர்திருத்தத்தின் பின்னணியில் வெளியீட்டுப் பணியொன்றும் இருந்தது என்பது பெரிதும் பேசப்படுவதில்லை. எனினும் அக்குறிப்பேடுகள் மருத்துவரையே நோக்கின. நோயாளர் அவற்றின் பயனைப் பெற்றாரேயன்றி வாசகர் ஆகவில்லை.

பிபிலையின் ஐயம் மிகையானதன்று என்பதைப் பிற்கால நிகழ்ச்சிகள் உறுதிப்படுத்தின. 1823இல் தொடங்கிய ‘லான்செற்’ சஞ்சிகையை 1991இல் எல்சவியர் என்னும் பெரும் பதிப்பு நிறுவனம் வாங்கியது. அதே நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளை 2000க்கும் 2005க்கும் இடையில், மருந்துக் கம்பனிகளின் பணத்தைப் பெற்று, ஆய்வுச் சஞ்சிகை போன்ற தோற்றமுடைய ஆறு வெளியீடுகளை நடத்தியமை 2009இல் வெளிப்பட்டது. விளம்பரம் விளம்பரமாக வரும்போது வாசகர் எச்சரிக்கையடைவார். ஆய்வின் ஆடையில் வரும்போது ஏமாறுவார்.

தொழில்நுட்பம் இந்நிலையை மாற்றும் என்னும் நம்பிக்கை இன்று வலுப்பெற்றுள்ளது. ஈய எழுத்து மறைந்து, கணினி அச்சுக்கோப்பு வந்து, இன்று தாளே இன்றிச் சஞ்சிகை வெளிவருகின்றது. ஒரு பிரதியை மேலதிகமாக ஒருவருக்கு வழங்கும் செலவு ஏறக்குறைய இல்லாதொழிந்தது. ஆயினும் பெரும் பதிப்பகங்களின் சந்தா குறையவில்லை. சஞ்சிகைகளைத் தொகுதியாகவே வாங்கவேண்டும் என்னும் முறை நூலகங்களைப் பிணித்தது. வாசகருக்கு இலவசமாக்கப்பட்ட இடங்கள் பலவற்றில் கட்டணம் எழுதுவோர்மீது சுமத்தப்பட்டது. வறிய நாட்டு ஆய்வாளருக்கு அதுவும் ஒரு தடையே. 1887இல் தொடங்கிய இலங்கை மருத்துவச் சஞ்சிகையை இன்று இணையத்திற் கட்டணமின்றி வாசிக்கலாம். இது போற்றத்தக்கது. ஆனால் அதன் மொழி ஆங்கிலம். விலை என்னும் கதவு திறந்தது. மொழி என்னும் கதவு திறக்கவில்லை.

இதற்கிடையில் லயங்களிலும் கைத்தொலைபேசி புகுந்துவிட்டது. யார் எழுதியது என்று அறியவியலாத வைத்தியக் குறிப்புகள் நல்ல தமிழிலே அதில் வந்து சேர்கின்றன. பொறுப்புள்ள எழுத்து தமிழில் வராத இடத்தைப் பொறுப்பற்ற எழுத்து நிரப்புகின்றது. தொழில்நுட்பம் இரண்டையும் ஒரே வேகத்திற் கொண்டு செல்லும். வேறுபாடு எழுதுவோரிடமே உள்ளது.

இவ்விடத்து, ‘நந்தி’ என்னும் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம் (1928 - 2005) நினைக்கத்தக்கவர். தோட்ட வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட ‘மலைக்கொழுந்து’ நாவலை 1964இல் தந்தவர் அவர். ‘அருமைத் தங்கைக்கு’ என்னும் சுகாதார நூலை எழுதியவரும் அவரே. உறவுமுறை கூறி அழைக்கும் அத்தலைப்பிலேயே, கிறீனின் பாடநூலுக்கும் பிபிலையின் குறிப்பேட்டுக்கும் வாய்க்காத ஒன்று வாய்த்துள்ளது. நோய்க்கு ஆளாகக்கூடியவரே அங்கு வாசகர். நாவலாசிரியரும் வைத்தியரும் ஒருவராக இருந்தமை தற்செயலாகலாம். மக்களின் பேச்சை அறியாதவர் மக்களுக்கு மருத்துவம் எழுதுதல் அரிது என்பதை அது உணர்த்துகின்றது.

எனவே, மருத்துவ வெளியீட்டின் வளர்ச்சியைச் சஞ்சிகைகளின் எண்ணிக்கையாலோ பதிப்பகங்களின் இலாபத்தாலோ அளத்தல் பொருந்தாது. மருந்துத் தாள்களைத் தமிழிலும் அச்சிடுமாறு வேண்டுதல், இலங்கைச் சஞ்சிகைகளின் ஆய்வுச் சுருக்கங்களைத் தமிழிலும் தருதல், தோட்டத்துப் பேச்சை அறிந்தோரைக் கொண்டு அவற்றைச் செப்பனிடுதல் என்பன பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவையல்ல. ஹாலிஎலத் தோட்டத்துத் தாயொருத்தி தன் பிள்ளைக்கு எத்தனை துளி மருந்து கொடுக்கவேண்டும் என்பதைத் தானே வாசித்து அறியும் நிலை வரும்வரை, இத்துறையின் வளர்ச்சி அவளைப் பொறுத்தவரை வளர்ச்சியாகாது.