300 எப்படி 44 ஆயிற்று?

0 முதல் 255 வரையுள்ள எண்களை மட்டுமே ஏற்கும் ஓர் இடத்தில் 300 என்ற எண்ணை இட்டால் என்ன ஆகும்? இணைய உலாவிகளுக்கான 'வெப் ஐடிஎல்' என்னும் வரையறை தரும் விடை 44! 300இலிருந்து 256 போக எஞ்சியது அது. 'அஆஇ' என்ற எழுத்துகளை இட்டாலோ விடை 0. இரண்டிலும் பிழை என்ற அறிவிப்பே இல்லை.

உலாவியின் வசதிகளை ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் எவ்வாறு அழைப்பது, கொடுக்கும் மதிப்புகள் எவ்வாறு வகை மாறுவது என்பவற்றை வகுப்பதே இவ்வரையறையின் பணி. மொழியின் இலக்கணத்தை வகுப்பது 'டிசி39' என்னும் வேறொரு குழு. 2015 முதல் அம்மொழி ஆண்டுதோறும் புதிய பதிப்பைக் கண்டு வருகிறது. எனவே வரையறையும் உடன் நடந்தாக வேண்டும்.

பல இடங்களில் அது நன்றாகவே நடந்திருக்கிறது. பின்னர் வரவிருக்கும் விடையைக் குறிக்கும் 'ஃபியூச்சர்' என்ற கருத்து 2013இல் உலாவித் தரப்பில் உருவாயிற்று. அது 'பிராமிஸ்' என்ற பெயரில் 2015இல் மொழியிலேயே இடம்பெற்றது. வரையறையும் அதைத் தன் வகைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இது பாராட்டத்தக்கது.

ஆனால் 300ஐ 44 ஆக்கும் வழக்கமும் மொழியிலிருந்து வந்ததே. ஒத்துப்போகும்போது குறைகளும் உடன் வந்துவிடுகின்றன. இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 'கிளாம்ப்' என்று குறித்தால் 300 என்பது 255இல் நின்றுவிடும். அளவுமானியின் முள் கடைசிக் கோட்டில் முட்டி நிற்பதைப் போல. 'என்ஃபோர்ஸ்ரேஞ்ச்' என்று குறித்தால், மின் உருகி சுற்றைத் துண்டிப்பதுபோல, பிழை என்று செயல் நிறுத்தப்படும். ஆனால் இவற்றை எழுதுவோர் நினைவாகக் குறிக்க வேண்டும், மறந்தால் 44தான். பாதுகாப்பை மறதியின் பொறுப்பில் விடுவது முறையா?

மொழிக் குழுவோ 2023இல் தன் போக்கை மாற்றிக்கொண்டது. இனிச் சேர்க்கும் புதிய செயல்கூறுகளில், பொருந்தாத வகை மதிப்பை வளைத்து ஏற்காமல் பிழை என்று நிறுத்துவதே பொது வழக்கம் என்று அது ஒப்பியது.

பழைய இணையப் பக்கங்கள் பழுதுபடுமே என்பர். உண்மைதான். பழையவற்றைத் தொட வேண்டாம். புதிய இடைமுகங்களிலாவது கண்டிப்பே இயல்பாகவும், தளர்வு குறித்துக் கேட்டுப் பெறுவதாகவும் இருக்கட்டும். மொழியின் புதிய சொற்களை ஏற்ற வரையறை, அதன் புதிய நல்லறிவையும் ஏற்பதே உண்மையான ஒத்திசைவு.