கண்டற்காடும் கடற்பெருக்கும்: ஒரு மதிப்பீட்டு நோக்கு

2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின்னர், கண்டற்காடே கரையோர மக்களைக் காக்கும் அரண் என்ற கருத்து ஆய்வுலகிலும் உதவி நிறுவனங்களிடையேயும் விரைந்து வேரூன்றியது. இக்கருத்துக்குச் சான்றாயமைந்தவற்றுள் ஒன்று, தமிழ்நாட்டுப் பரங்கிப்பேட்டைக் கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்து கதிரேசனும் இராஜேந்திரனும் 2005இல் வெளியிட்ட கட்டுரையாகும். தாவரப் பரப்பு மிகுந்தவிடத்து உயிரிழப்புக் குறைந்தது என்பது அவர்தம் முடிபு.

மறு ஆண்டே கெர், பெயார்ட், காம்ப்பெல் ஆகிய மூவரும் அதே தரவுகளை மீளாய்ந்தனர். கடலிலிருந்துள்ள தூரமும் நிலத்தின் உயரமும் ஒத்த குப்பங்களை ஒப்பிடுமிடத்து, தாவரப் பரப்பின் வேறுபாடு உயிரிழப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றனர். கடலுக்கும் குடியிருப்புக்கும் இடையே காடு அகன்றிருப்பின், குடியிருப்புத் தானாகவே கடலைவிட்டு விலகிவிடுகின்றது. எனவே உயிர்காத்தது மரமா, தூரமா? இவ்வினாவை எழுப்பாத ஆய்வு, எத்துணை நல்லெண்ணத்தோடு செய்யப்படினும், மதிப்பீடாகாது.

இதனைக்கொண்டு கண்டல் பயனற்றதென முடிவுகட்டுவதும் பொருந்தாது. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெருஞ்சூறாவளி பற்றி சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ற் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, தூரம் முதலிய காரணிகளையுங் கணக்கிற்கொண்டது. அவ்வாறு கொண்ட பின்னரும், கேந்திரபாடா மாவட்டத்தில் அகன்ற கண்டற்பட்டியின் பின்னாலிருந்த ஊர்களில் மரணங்கள் குறைவாயிருந்தமை புலனாயிற்று. புயல் எழுப்பும் கடற்பெருக்கும் ஆழிப்பேரலையும் ஒன்றல்ல என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. ஆயினும் கண்டல் காத்த உயிர்களிலும் அரசின் முன்னெச்சரிக்கை காத்த உயிர்களே அதிகம் என அதே ஆய்வு கூறுகின்றது. கண்டலுக்காக வாதிடுவோர் இதனையுஞ் சேர்த்தே எடுத்துக்காட்டுதல் வேண்டும்.

எமது நாட்டிலோ, காடு காக்குமா என்ற வினாவுக்கு முன்னரே நட்டது காடாயிற்றா என்ற வினா எழுகின்றது. கொடிக்கார குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, 23 இடங்களில் 1000 முதல் 1200 வரையான ஹெக்டேயரில் மேற்கொள்ளப்பட்ட மீள்நடுகையில் வெற்றிகண்டது 200 முதல் 220 ஹெக்டேயர் மாத்திரமே. 9 இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்றிடங்களிலேயே 50 சதவீதத்துக்கு மேற்பட்டவை பிழைத்தன. நடுகை விழாப் புகைப்படங்களில் இக்கணக்கு இடம்பெறுவதில்லை. நிலத்தின் ஏற்றவிறக்கம் நோக்காது நட்டமை ஒரு காரணம். நட்டபின் பராமரியாது விட்டமை மற்றையது. பல கன்றுகளை மாடுகள் மேய்ந்தன. எஞ்சியவற்றிற் சில அவற்றின் காலடியில் மிதிபட்டன.