ஏழடி இரண்டு அங்குலம்

ஒரு காரியத்தை முதன்முதலாகச் செய்தவரைப் பற்றி எழுதுவது எளிது. அவர் அதை எவ்வாறு செய்தார், எந்த அளவுக்குச் செய்தார் என்று எழுதுவதே கடினம். நம் நாட்டில் முன்னது நிரம்ப நடைபெறுகின்றது. பின்னது அரிதாகவே நிகழ்கின்றது. பஞ்சாபின் ஒரு சிற்றூரில் பிறந்து, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் வாசல்வரை சென்ற சத்னம் சிங் பமாராவின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அவரைப் பற்றி 2016இல் 'ஒன் இன் எ பில்லியன்' என்னும் ஆவணப்படம் வெளிவந்தது. நூறு கோடியில் ஒருவர் என்பது அத்தலைப்பின் பொருள். கள்ளக்குறிச்சியில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவர்கள் சிலர் அதனைப் பார்த்துவிட்டு வந்தனர். அவர் எந்த இடத்தில் நின்று ஆடுபவர் என்று வினவினேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எவ்வளவு உயரம் என்று வினவினேன். அனைவரும் ஒரே குரலில் விடையிறுத்தனர். அப்படமும் அந்நாளையச் செய்தித்தாள்களும் சேர்ந்து நமக்களித்த கதையின் மீது எனக்குள்ள குறை ஏறத்தாழ இதுவே.

வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். சத்னம் 1995 டிசம்பர் 10ஆம் நாள் பர்னாலா மாவட்டத்துப் பல்லோ கே என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் உழவர், அவரும் ஏழடிக்கு மேற்பட்டவர். அவருக்குப் பந்தாட ஆசையிருந்தும், நிலத்தைக் கவனிக்கும்படி அவருடைய தந்தை பணித்துவிட்டார். தமக்குக் கிட்டாததை மகனுக்குத் தர விரும்பிய அந்த உழவர், சிறுவனை லூதியானா கூடைப்பந்து அகாதமியில் சேர்ப்பித்தார். 2010இல், பதினான்கு வயதில், உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள ஐ.எம்.ஜி. பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். 2015 ஜூன் 25 அன்று நிகழ்ந்த என்.பி.ஏ. வீரர் தேர்வில் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி ஐம்பத்திரண்டாவது பெயராக அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அவ்வாறு தேர்வானது அதுவே முதன்முறை. (இந்திய வம்சாவளியினரான சிம் புல்லர் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே சாக்ரமென்டோ அணிக்காகக் களத்தில் இறங்கிவிட்டார். ஆனால் அவர் கனடாவில் பிறந்தவர்.)

பெரும்பாலோர் இவ்விடத்தில் கதையை முடித்துக்கொள்கின்றனர். உண்மையில் ஒரு விளையாட்டு வீரனின் தொழில்வாழ்வு இவ்விடத்தில்தான் தொடங்க வேண்டும். சத்னமுக்கோ அது தொடங்கவே இல்லை. டல்லாஸின் சார்பணியாகிய டெக்சஸ் லெஜண்ட்ஸில் இரண்டு பருவங்கள் இருந்தார். பெரும்பாலான நேரம் பெஞ்சிலேயே கழிந்தது. என்.பி.ஏ.யின் பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. ஏன் என்ற வினாவை எழுப்பாத எந்தப் புகழுரையும் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

அவ்வினாவுக்கு விடை காண, அவர் ஆடிய இடம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். அதற்கு ஆங்கிலப் பெயர் சென்டர். தமிழில் 'நடுவர்' எனலாமென்றால் ஊதல் ஊதித் தீர்ப்பளிப்பவரைக் குறித்துவிடும். ஆதலின் நம் பிள்ளைகள் மைதானத்தில் சொல்வதுபோல் சென்டர் என்றே எழுதுகிறேன். வளையம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் உள்ளது. அதனடியில் நின்று, எதிரியின் பந்தைத் தடுப்பதும், வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தைக் கைப்பற்றுவதும், முதுகால் எதிரியைத் தாங்கிக்கொண்டே பந்தை வாங்கி ஓரடி திரும்பி வளையத்தில் இடுவதும் சென்டரின் பணிகள். இவற்றுக்கு உயரம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் உயரம் நுழைவுச் சீட்டே அன்றி ஆட்டம் அன்று.

ஜார்ஜ் மைக்கன் என்பவர் 1940களில் டிபால் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது கண்ணாடி அணிந்த, கால் தடுமாறுகின்ற நெட்டையராக இருந்தார். பயிற்சியாளர் ரே மேயர் அவரைக் கயிறு தாண்டச் செய்தார். நடனம் பயிலவும் அனுப்பினார். வளையத்தடியில் நின்று வலக்கையால் ஒரு பந்து, அது கீழே விழுமுன் பிடித்து இடக்கையால் மறுபந்து என ஓயாமல் எறியும் பயிற்சி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. சில ஆண்டுகளில் மைக்கனைத் தடுக்க இயலாமற்போகவே, வளையத்தின் முன்னுள்ள பகுதியை 1951இல் ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக அகலப்படுத்தினார்கள். பின்னர் வில்ட் சேம்பர்லினின் ஆற்றலுக்கு அஞ்சி, 1964இல் அதைப் பதினாறடி ஆக்கினார்கள். உயர்ந்த மனிதர் ஒவ்வொருவர் வந்தபோதும் ஆட்டத்தின் சட்டமே மாறியிருக்கின்றது. மாறிய சட்டத்துக்குள் நின்று பிழைத்தவர்கள் தம் கால்களையும் கைகளையும் மீண்டும் படிப்பித்தவர்களே.

திருமறையில் தாலூத் மன்னரின் வரலாறு வரும் இடத்தில், அவருக்கு அறிவிலும் உடலிலும் விரிவு அருளப்பட்டதாகக் கூறப்படுகின்றது. 'பஸ்தத்' என்னும் ஒரே சொல் இரண்டையும் தழுவி நிற்கின்றது. அறிவு முதலில், உடல் அடுத்து. அரபு பயிலும் பிள்ளைகளிடம் இவ்வரிசையைக் காட்டாமல் நான் அவ்விடத்தைக் கடப்பதில்லை.

இனிக் கரீம் அப்துல் ஜப்பாரைக் காண்போம். அவருடைய உயரமும் ஏழடி இரண்டு அங்குலம். சத்னமின் உயரமும் அதுவே. உலகில் இதைவிட நேர்த்தியான ஒப்பீட்டுக்கு இடமில்லை. ஒருவர் 1969 முதல் 1989 வரை இருபது பருவங்கள், 1,560 ஆட்டங்கள் ஆடி, 38,387 புள்ளிகள் எடுத்து, ஆறு முறை பட்டமும் ஆறு முறை சிறந்த வீரர் விருதும் பெற்றார். அவருடைய புள்ளிச் சாதனை 2023 பிப்ரவரி வரை நிலைத்தது. மற்றவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அங்குலக் கணக்கு இங்கே ஊமையாகிவிடுகின்றது.

கரீம் 1983இல் வெளியிட்ட தன்வரலாறு 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'. விளையாட்டு வீரர்களின் தன்வரலாறுகளில் பல, வெற்றிக் கோப்பைகளை அடுக்கிய அலமாரி போன்றவை. இது அத்தகையதன்று. உயர்நிலைப் பள்ளியில் தம்மை உருவாக்கிய பயிற்சியாளரே ஓர் இடைவேளையில் இன இழிசொல்லால் ஏசியதையும், அக்காயம் ஆண்டுக்கணக்கில் ஆறாமலிருந்ததையும் அவர் மறைக்கவில்லை. 1968இல் இஸ்லாத்தைத் தழுவியதையும், 1971இல் பெயர் மாற்றத்தை வெளிப்படையாக அறிவித்ததையும் வீரச் செயலாகப் பாடாமல், தடுமாற்றங்களுடனேயே சொல்கின்றார். கடுமையும் கசப்பும் மிகுந்த பக்கங்கள் உள்ளன. சிலரைப் பற்றிய தீர்ப்பில் அவர் அவசரப்பட்டிருக்கிறார் என்றே நான் கருதுகிறேன். எனினும் ஒரு மனிதன் எப்படிக் கற்றான் என்பதை அந்நூல் காட்டுகின்றது. (அவர் பெயரைப் பற்றி ஒரு சொல். அல்ஜப்பார் இறைவனின் திருநாமம். அடிமை என்னும் பொருள் தரும் 'அப்து' இன்றி அதனை மனிதருக்கு இடுதல் முறையன்று. அமெரிக்க வருணனையாளர்கள் பல ஆண்டுகள் அவரை 'ஜப்பார்' என்றே விளித்துவந்தனர். நம் வீடுகளிலும் அப்துல் ஜப்பார்களை இவ்வாறே குறுக்கி அழைக்கிறோம் என்பதால் அவர்களை மட்டும் குறைகூற எனக்கு வாயில்லை.)

கற்றலைப் பற்றிச் சொன்னேன். லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் கரீமுக்கு வாய்த்த ஆசான் ஜான் வூடன். நாடெங்கும் புகழ்பெற்ற இளைஞர்கள் முதல் நாள் பயிற்சிக்கு வந்து நிற்கையில், காலுறையைச் சுருக்கமில்லாமல் அணிவது எப்படி என்பதைத்தான் அவர் முதற்பாடமாக நடத்துவார். சுருக்கம் கொப்புளமாகும், கொப்புளம் ஆட்டத்தைக் கெடுக்கும். மதரஸாவில் முதல் ஆண்டு முழுவதும் எழுத்துகளின் உச்சரிப்பிடங்களிலேயே கழித்த என் போன்றோருக்கு இப்பாடத்தின் அருமை தெரியும். கரீம் முதன்மை அணியில் ஆடிய மூன்று ஆண்டுகளில் அப்பல்கலைக்கழகம் 88 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டுமே தோற்றது. 1967இல், பந்தை வளையத்துக்குள் மேலிருந்து திணிக்கும் டங்க் முறை கல்லூரி ஆட்டங்களில் தடைசெய்யப்பட்டது. அவரைக் கட்டுப்படுத்தவே இத்தடை என்று பலரும் பேசினர். அவர் செய்தது யாது? சிறுவயதில் மைக்கன் பயிற்சியால் பழகியிருந்த கொக்கி எறிதலைக் கையிலெடுத்து, நாள்தோறும் தீட்டினார். உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலில் எழும்பி, நீட்டிய கையின் உச்சியிலிருந்து பந்தை வளைவாக அனுப்பும் 'ஸ்கை ஹூக்' அவ்வாறுதான் முதிர்ந்தது. எதிரி எவ்வளவு உயரமாயினும் அவருடைய தோளும் உடலும் இடையில் நிற்பதால் பந்தைத் தொடல் அரிது. நாற்பது வயதைக் கடந்தும் அவரை ஆடவைத்தது அதுவே.

சத்னமின் வரலாற்றில் விடுபட்டிருப்பது இந்தக் கண்ணியே. பதினான்கு வயதுவரை பஞ்சாபி மட்டுமே அறிந்திருந்த சிறுவன், புதிய மொழியில் பள்ளிப் பாடத்தையும் ஆட்டத்தையும் ஒருசேரக் கற்கவேண்டியிருந்தது. கல்லூரி ஆட்டத்துக்குரிய கல்வித் தகுதி கிட்டாமையால், பள்ளியிலிருந்து நேரே தொழில்முறைத் தேர்வுக்குத் தாவினார். கரீமுக்குக் கிடைத்த நான்காண்டுகள் இவருக்குக் கிடைக்கவில்லை. இது ஒரு கல்விச் சிக்கல். ஆயினும் அது கூடைப்பந்துச் செய்தியாகக்கூட எழுதப்படவில்லை. லூதியானாவில் அவருக்குப் பயிற்சியளித்த சங்கரன் சுப்பிரமணியன் என்பவரின் பெயர் செய்திகளில் ஓரிரு வரிகளில் வந்து மறைகின்றது. காலணி அளவுக்குப் பத்திகள் ஒதுக்கியவர்கள், அந்த ஆசான் எதை முதலில் கற்பித்தார், எதைக் கற்பிக்க நேரமில்லாமற் போயிற்று என்று கேட்டு எழுதியிருக்கலாம்.

மற்றொன்றும் உண்டு. 2015 ஜூன் மாதத்து இறுதிப் போட்டித் தொடரில் கோல்டன் ஸ்டேட் அணி, நான்காவது ஆட்டத்திலிருந்து தன் சென்டர் ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க அணியிலிருந்து விலக்கிவிட்டு, குட்டையான, விரைவான ஐவரை இறக்கி, ஜூன் 16இல் பட்டம் வென்றது. தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்து ஆட்டத்தின் நடுப்புள்ளியையே இடம்பெயர்த்திருந்தது. சரியாக ஒன்பது நாள்கள் கழித்து சத்னமின் பெயர் அழைக்கப்பட்டது. வளையத்தடியில் நிற்கும் கனத்த சென்டருக்கான சந்தை சுருங்கும் வேளையில், அவ்வேலைக்கென வளர்க்கப்பட்ட ஓர் இளைஞர் வந்து சேர்கின்றார். இதைவிடத் துயரச் சுவை மிக்க காட்சி ஒரு கதைஞனுக்குக் கிடைக்குமா? 'நூறு கோடியில் ஒருவர்' என்ற தலைப்பு நாட்டின் மக்கள்தொகையைச் சொல்கின்றதே அன்றி அம்மனிதரைச் சொல்லவில்லை.

காலம் பொருந்தவில்லை, அவர் என் செய்வார் என்று கேட்கலாம். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பஞ்சாபின் மற்றொரு சென்டரான அம்ரித்பால் சிங்கைக் கருதுங்கள். பிந்திய வயதில் பந்தைத் தொட்டவர். 2014இல் வூஹானில் சீனாவை 65-58 என வென்ற இந்திய அணியில் ஆடியவர். ஜப்பானில் ஆடி, 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணியில் இடம்பெற்றார். அவர் ஆடிய ஆட்டங்களைப் பற்றி நம்மவர் எவ்வளவு அறிவோம்? 'முதல்வர்' என்னும் பட்டம் சத்னமுக்குப் போனதால் உழைப்பு வேறிடத்தில் நடந்தது நம் கண்ணில் படவில்லை.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையிலும் இவ்வினா எழுகின்றது. சாமையும் மரவள்ளியும் விளையும், கடுக்காயும் தேனும் இறங்கும் அம்மலையூர்களின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் பயில்கின்றனர். வெள்ளிமலையிலிருந்து கீழிறங்கி வரும் பிள்ளையின் மூச்சும் கால் வலிமையும் சமவெளிப் பிள்ளைக்கு வாய்ப்பது அரிது. எனினும் கூடைப்பந்துக்குப் பிள்ளைகளைப் பொறுக்கும் கண்கள் தலைக்கு மேலே எவ்வளவு என்றே முதலில் பார்க்கின்றன. கரீம் 1998-99 பருவத்தில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வைட் மவுண்டன் அப்பாச்சி பழங்குடியினரின் பள்ளி அணிக்கு, ஒரு டாலர் ஊதியத்தில் துணைப் பயிற்சியாளராகச் சென்றார். (வெண்மலை! நம் வெள்ளிமலைக்கு உடன்பிறப்புப் போன்ற பெயர்.) அவ்வனுபவத்தை 2000இல் 'எ சீசன் ஆன் தி ரிசர்வேஷன்' என்ற நூலாக எழுதினார். உயரமில்லாத, ஓட்டத்தை நம்பிய பிள்ளைகள். பலர் முன்னிலையில் தனித்துக் கண்டிக்கப்பட்டால் கூசிச் சுருங்குபவர்கள். எவருக்கும் வளைந்துகொடாத அம்மனிதர் அங்கே தம் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொள்ளப் படும் பாடு, எனக்கு 'ஜயன்ட் ஸ்டெப்'ஸைவிடச் சுவையாக இருந்தது. மலைப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் தேடிப் படிக்கத்தக்க நூல்.

சத்னம் 2018-19இல் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணியில் ஆடினார். ஊக்கமருந்துச் சோதனையில் தடைசெய்யப்பட்ட பொருள் காணப்பட்டதால், 2020 டிசம்பரில் இரண்டாண்டுத் தடை அறிவிக்கப்பட்டது. 2021இல் அமெரிக்க மல்யுத்தக் காட்சி நிறுவனமொன்றில் ஒப்பந்தமாகி, 2022 முதல் அம்மேடையில் தோன்றினார். அங்கே அவர் உயரமே ஆட்டம். பிழைப்பைப் பழிக்க நான் யார்? ஆனால் கரீமைப்போல் சத்னமும் தம் வரலாற்றைத் தம் கையாலேயே எழுதுவாராயின், தேர்வு அரங்கின் இரவை அல்ல, லூதியானாவின் விடியற்காலைகளையும் டெக்சஸில் பெஞ்சில் அமர்ந்திருந்த மாலைகளையுமே நான் முதலில் புரட்டுவேன்.