குஞ்ஞாலி: வீரரா, கொள்ளையரா?

“குஞ்ஞாலி மரைக்காயர் கொள்ளைக்காரரா, ஹஜ்ரத்?” என்று கோவில்பட்டியில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் வினவினான். கடலையே காணாத கரிசற்காட்டுப் பிள்ளை அவன். நம் ஏடுகளில் வரும் கட்டுரைகளைப் புரட்டினேன். போர்த்துக்கீசியர் ‘கடற்கொள்ளையர்’ என்று ஏசியதற்கு மாற்றாக, ‘மார்க்கப் போர் வீரர்’ என்று புகழ்ந்ததோடு அவை நின்றுவிடுகின்றன. ஏச்சுக்குப் புகழ்ச்சி விடையாகாது.

நம்மவர் சான்றாகக் காட்டும் நூல் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’. 1498 முதல் 1583 வரை மலபாரில் போர்த்துக்கீசியர் செய்தவற்றை அரபியில் உரைப்பது. 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட இதன் ஆங்கில ஆக்கம் டாக்டர் எஸ். முஹம்மது ஹுசைன் நயினாருடையது. நூலாசிரியர் பொன்னானி ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்), மதரஸாக்களில் ஓதப்படும் ‘ஃபத்ஹுல் முஈன்’ நூலையும் இயற்றிய ஃபிக்ஹு அறிஞர். ஜிஹாதைப் பேசும் முதற்பகுதியோடு நூலை மூடிவிடுவோர், முஸ்லிமல்லாத சாமூதிரி மன்னர் போர்த்துக்கீசியரை எதிர்த்து நின்றதை அவர் நன்றியோடு எழுதியிருப்பதைக் காண்பதில்லை.

வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ‘கர்த்தாஸ்’ என்னும் தங்கள் அனுமதிச் சீட்டில்லாத கப்பலைச் சரக்கோடு பறிப்பதைப் போர்த்துக்கீசியர் சட்டம் என்றனர். சாமூதிரியின் இசைவோடு மரைக்காயர் அவர்தம் கப்பல்களைப் பிடித்ததைக் கொள்ளை என்றனர். ஐரோப்பிய அரசர்களும் போர்க்காலத்தில் தனியார் கப்பல்களுக்கு ஆணைச்சீட்டு வழங்கிப் பகைவரின் வணிகக் கலங்களைப் பிடிக்கச் செய்தவர்களே. அவ்வழக்கத்தைக் கைவிடும் உடன்பாடு 1856-இல்தான் பாரீஸில் ஏற்பட்டது.

ஆணை மாறினால் பெயரும் மாறும். சாமூதிரி போர்த்துக்கீசியரோடு கைகோத்தபின், அவரிடம் சரணடைந்த நான்காம் குஞ்ஞாலி 1600-இல் கோவாவில் கொல்லப்பட்டார்.

ஆயின் அரசாணை ஒன்றே நீதியாகிவிடுமா? ஏழைகளின் மரக்கலத்தை அபகரிக்க வந்தவனைப் பற்றிக் குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயம் பேசுகிறது. அவனும் அரசனே! ஆகவே ஆணை யாருடையது என்பதோடு, பிடிபட்ட கலம் யாருடையது, அதன் உடைமைக்காரர் போரில் பகைவர்தாமா என்பதையும் ஃபிக்ஹு கற்றவர் கேட்க வேண்டும்.

1538-இல் நம் இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளையில் மரைக்காயர் படை தோற்றது. அத்தோல்வியையும் மறையாமல் எழுதுவோம். அம்மாணவனுக்கு நான் கூறிய விடை இதுவே: “அவர் தம் மன்னரின் இசைவோடு கடலில் போரிட்டவர். ஆயினும் ஒவ்வொரு கப்பலுக்கும் கணக்குக் கேள். நம்மவர் என்பதற்காகக் கேட்காமல் விடாதே.”